ஜெய்ப்பூர் காலா, ஜெனீவா காலா?

"ஜெய்ப்பூர் கால் தெரியும். இது என்னப்பா ஜெனீவா கால்? அதைவிட விலை கூடவா?" என்று கேட்டார் எங்கள் பொருளாளர் அண்ணன். கையில் நான் அடித்துக் கொடுத்த தாள். ஒட்டுக்கடையில் நாலு மேசையை ஒன்றாகச் சேர்த்து உட்கார்ந்திருந்தோம். சிரிப்பு அடங்க நேரமானது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. மிதிவெடி வைக்காதீர்கள் என்று ஆயுதக் குழுக்களிடம் போய்ப் பேசும் சுவிஸ் அமைப்பு அது, தமிழில் எழுதினால் அதன் பெயர் அப்படித்தான் வரும். அந்தக் 'கால்' அழைப்பு என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல் என்பதை நான் தாளில் எழுத மறந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் முன்னாள் மாணவர் குழு ஆண்டுக்கு ஒரு விருந்து வைக்கும். மிஞ்சுகிற பணம் ஏதாவது நல்ல காரியத்துக்குப் போகும். பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிக்கு நாற்காலி, மின்விசிறி. இந்த முறை மிஞ்சியது ஆறாயிரத்து இருநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட். அதை மிதிவெடிப் பிரச்சினைக்குக் கொடுக்கலாம் என்று பேச்சை ஆரம்பித்து வைத்தவன் நான்.

ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு டயர் கடை. அங்கே வேலை பார்க்கும் பையன் மியன்மாரின் சின் மலைநாட்டுக்காரன். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்துதான் சக்கரம் கழற்றுவான். வலது காலில் ஜப்பான் சிலிப்பர், இடது காலில் மட்டும் எப்போதும் கயிறு கட்டிய சப்பாத்து. பல மாதம் கழித்துத்தான் அந்தச் சப்பாத்துக்குள் இருப்பது பாதம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. விறகுக்குப் போகிற பாதையாம். யார் வைத்த வெடி என்று கேட்டேன். "தா தாவு, சியாப்பா பூஞா" என்றான். யாருடையதோ, தெரியாது. ராணுவமும் வைக்கிறது, ராணுவத்தை எதிர்க்கிறவர்களும் வைக்கிறார்கள். 2023-ல் மட்டும் மியன்மாரில் கண்ணிவெடியிலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளிலும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் என்று பதிவானவர்கள் 1,003 பேர். அந்த ஆண்டு உலகத்திலேயே அதுதான் அதிகம்.

கூட்டத்தில் மூன்று யோசனை வந்தது. காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் கொடுப்பது, வெடியைத் தோண்டி எடுப்பது, வெடி வைக்கிறவர்களிடம் பேசி வைக்காமல் செய்வது. மூன்றாவதைத்தான் நான் ஆதரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒப்பீட்டைப் படிக்கும்போது என் சாய்வைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் யோசனையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜெய்ப்பூர் காலின் பாதத்தில் முக்கியப் பொருள் ரப்பர். மூன்று தலைமுறையாகப் பால் மரம் சீவின ஊர்க்காரர்களுக்கு அதைக் கேட்டதும் ஒரு சொந்தம் வந்துவிட்டது. "நம்ம தாத்தா சீவின பால் யாரோ ஒருத்தருக்குக் காலா நிக்குது" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வெறும் காலோடு நடக்கலாம், வயலில் இறங்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். இந்தியாவில் பிறந்த இந்தக் கால் யாழ்ப்பாணத்திலும் செய்து பொருத்தப்படுகிறது. ஆறாயிரம் வெள்ளிக்குக் கணிசமான பேருக்கு உதவி போய்ச் சேரும், படமும் வரும். ஒரே சிக்கல், கால் ஒருமுறை கொடுத்தால் முடிகிற காரியமில்லை. வளர்கிற குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பது செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் கணக்கு. பத்து வயதில் காலை இழந்த பிள்ளை ஆயுளுக்கும் எத்தனை கால் மாற்றும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, தோண்டுவது. இலங்கையின் வடக்கில் முகமாலைப் பக்கம் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்களில் போரில் கணவனை இழந்த பெண்கள் நிறையப் பேர். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, நெஞ்சுக்குக் கவசம், கையில் தோட்ட வேலைக்கு வைத்திருப்பது மாதிரியான பல்வாரி. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுக்க வேண்டும். வெயிலில் நாள் முழுக்க உழைத்தால் ஒருவருக்குச் சில சதுர மீட்டர்தான் தேறும். போர் முடிந்தது 2009-ல். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். முழுவதும் சுத்தமாக்க அதற்கு இருக்கும் கெடு 2028 ஜூன். ஒரு வெடியைச் செய்ய மூன்று டாலர் போதும், எடுக்க முந்நூறிலிருந்து ஆயிரம் டாலர் வரை ஆகும் என்று ஐக்கிய நாடுகள் சபை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. எங்கள் ஆறாயிரத்து இருநூறை டாலராக்கி அந்தக் கணக்கில் வகுத்தால் ஒற்றை இலக்கத்தில்தான் வெடி வரும். அதைக் கேட்டதும் மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்கிறோம். இலங்கைத் தமிழர் மிதிவெடி என்கிறார்கள், தூரத்திலிருந்து வெடிக்க வைக்கும் கிளைமோரைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட துல்லியம் அது. உலகச் சட்டமும் அந்தக் கோட்டைத்தான் போட்டிருக்கிறது. மிதிக்கிறவனே வெடிக்க வைக்கிற வெடிக்குத் தடை. வைத்தவன் தூரத்தில் உட்கார்ந்து, ஆளைப் பார்த்து, பொத்தானை அழுத்தி வெடிக்க வைப்பதற்கு இந்தத் தடை கிடையாது. மிதிவெடிக்குச் சிப்பாய் யார், விறகு பொறுக்கப் போன பிள்ளை யார் என்று தெரியாது. சண்டை முடிந்ததும் தெரியாது.

சரி, மூன்றாவது. பேசுவது.

1997 டிசம்பரில் ஒட்டாவாவில் அந்தத் தடை உடன்படிக்கையில் நாடுகள் கையெழுத்திட்டன. மலேசியாவும் அப்போதே போட்டது. 2001 ஜனவரியில் நம் ராணுவம் கையிருப்பில் இருந்த 94 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெடிகளை அழித்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட நாடாக இருக்க வேண்டும். காட்டுக்குள் இருக்கிற படை நாடில்லை. அப்படியானால் அவர்களை எதில் கட்டுவது? இதற்கு உலகத்தில் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். எங்கள் விவாதத்தில் அதிக நேரம் எடுத்தது அதுதான்.

தலைவர் ஒருவரே அறிவித்துவிடுவது ஒரு வழி. 1998-ல் தலிபான் தலைவர் முல்லா உமர் மிதிவெடி இஸ்லாத்துக்கு விரோதமானது என்று தடை அறிவித்தார். சொன்னது பெரிய விஷயம்தான். ஆனால் போய்ப் பார்க்க ஆளில்லை, பார்க்கவிடும் ஏற்பாடும் இல்லை. பின்னால் நடந்த போரில் அதே இயக்கம் மிதித்தால் வெடிக்கும் நாட்டு வெடிகளைச் சாலையெல்லாம் புதைத்தது. அறிவிப்பை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெயரைப் போட்டு வெட்கப்பட வைப்பது இன்னொரு வழி. குழந்தைப் படையினர் விஷயத்தில் ஐ.நா. ஆண்டுதோறும் பட்டியல் போடுகிறது. பிலிப்பைன்ஸின் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணி அதில் இருந்தது. 2009-ல் யுனிசெஃபோடு செயல்திட்டம் போட்டு, பிள்ளைகளை விடுவித்து, 2017-ல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. நாளைக்கு ஆட்சியில் உட்கார ஆசைப்படுகிற குழுவுக்கு இது வலிக்கும். நாளை என்று ஒன்றே இல்லாத குழுவுக்கு எந்தப் பட்டியலும் வெறும் தாள். விடுதலைப் புலிகளும் 2003-ல் யுனிசெஃபோடு இப்படி ஒரு திட்டத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இதை மேசையில் சொன்னபோது இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதானே.

மூன்றாவது வழி செஞ்சிலுவைச் சங்கத்தின் வழி. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது, வெளியே ஒரு வார்த்தை விடுவதில்லை. அதனால்தான் எந்தத் தளபதியும் அவர்களை உள்ளே விடுகிறான். எனக்கு இதில் மரியாதை உண்டு. ஆனால் வெளியே இருக்கிற நமக்கு எதுவும் தெரியாது, எந்தக் குழு எதை ஒப்புக்கொண்டது என்று பிடித்துக் கேட்கவும் வழியில்லை. செஞ்சிலுவைக்கு நம் ஆறாயிரம் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்று பொருளாளர் அண்ணன் சொன்னதும் சரிதான்.

நான்காவதுதான் அந்த ஜெனீவா கால். 2000-ல் தொடங்கிய அமைப்பு. நாடுகள் ஒட்டாவாவில் போட்டதற்கு ஈடாக ஆயுதக் குழுக்களுக்கென்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வைத்திருக்கிறார்கள். மிதிவெடி வைக்க மாட்டோம், செய்ய மாட்டோம், வாங்க மாட்டோம், சேர்த்து வைக்க மாட்டோம். வைத்ததை எடுக்க ஒத்துழைப்போம். தளபதிகளுக்கு உத்தரவு போடுவோம், மீறுகிறவனைத் தண்டிப்போம். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த வரி: வந்து சோதித்துப் பார்க்க விடுவோம். குழுவின் தலைமை ஒரு கையெழுத்து, அமைப்பு ஒரு கையெழுத்து, ஜெனீவா மாநில அரசு சாட்சிக் கையெழுத்து. பத்திரம் அந்த அரசின் பாதுகாப்பில் இருக்கும். பல குழுக்கள் கையெழுத்திட்டது ஜெனீவா நகர மன்றக் கட்டடத்தின் அலபாமா மண்டபத்தில். 1864-ல் முதல் ஜெனீவா உடன்படிக்கை கையெழுத்தான அதே அறை. காட்டிலிருந்து வந்த ஒரு தளபதியை அந்த மேசையில் உட்கார வைத்து ஒரு பேனாவைக் கொடுப்பது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. மனிதனுக்கு மரியாதை கொடுத்தால் வாக்கும் கொஞ்சம் கனக்கும்.

இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் மிதிவெடிப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. டயர் கடைப் பையனின் மலைநாட்டில் இயங்கும் சின் தேசிய முன்னணி 2006-ல் போட்டது. மேற்கு சஹாராவின் பொலிசாரியோ 2005-ல் போட்டது, அடுத்து வந்த ஆண்டுகளில் தன் கையிருப்பிலிருந்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெடிகளை அழித்தது. மோரோ முன்னணியும் போட்டது. பிறகும் வெடி வைத்ததாகப் புகார் வந்தபோது, 2002-லும் 2009-லும் ஜெனீவாவிலிருந்து பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவுக்கு நேரில் ஆள் போய் விசாரித்தார்கள். முல்லா உமரின் அறிவிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். புகார் வந்தால் கதவைத் தட்ட ஒருவருக்கு உரிமை இருக்கிறது.

சூடான் கதையை நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அங்கே தென்பகுதியின் கிளர்ச்சிப் படை 2001-ல் பத்திரத்தில் கையெழுத்திட்டது. எதிரி வைக்கிறானே என்று சாக்குச் சொல்ல அரசுக்கு வழியில்லாமல் போனது. 2003-ல் சூடான் அரசு ஒட்டாவா உடன்படிக்கையை ஏற்றது. இலங்கையில் இதுவே தலைகீழாக நடந்தது. புலிகள் ஒத்துக்கொண்டால் நாங்களும் சேர்வோம் என்ற தோரணையில் கொழும்பு இருந்தது. 2002 போர்நிறுத்தக் காலத்தில் புலிகள் பக்கத்திலேயே வெடி அகற்றும் பிரிவு இருந்தது, வேலையும் செய்தது. ஜெனீவாக்காரர்களும் பேசிப் பார்த்தார்கள். கையெழுத்து மட்டும் வரவில்லை. மறுபடி போர் வந்தது, மறுபடி இரண்டு பக்கமும் புதைத்தார்கள். முகமாலையில் அந்தப் பெண்கள் இன்றைக்குப் பல்வாரியால் சுரண்டி எடுப்பதில் அந்தக் கடைசிச் சுற்றில் வைத்ததும் இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். மியன்மாரில் இந்தப் பத்திரத்தில் போட்டவை பெரும்பாலும் சின்னக் குழுக்கள். கரேன் தேசிய ஒன்றியம் 2013-ல் குழந்தைகள் பாதுகாப்புக்கும் பாலியல் வன்முறைத் தடைக்கும் கையெழுத்திட்டது. மிதிவெடிக்கு மட்டும் போடவில்லை. கச்சின் படையும் போடவில்லை. காரணம் புரிந்துகொள்ள முடியாததில்லை. விமானமும் பீரங்கியும் இல்லாதவனுக்கு மிதிவெடிதான் மலிவான காவல்காரன். மியன்மார் ராணுவமோ சொந்தத் தொழிற்சாலையில் செய்கிறது, உடன்படிக்கையில் சேரவே இல்லை. போதாக்குறைக்கு 2025-ல் ஐரோப்பாவிலேயே லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் ஒட்டாவாவை விட்டு விலக முடிவெடுத்தன. பணக்கார நாடே வேண்டும் என்கிறபோது காட்டில் இருக்கிறவனிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? எங்கள் குழுவின் இளையவள் கேட்டாள். என்னிடம் நல்ல பதில் இல்லை.

அடுத்து வந்தது பயம். "2019 ஞாபகம் இருக்கா சார்?" என்றார் ஒருவர். யாருக்கு மறக்கும். அந்த அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்கைக் கைவிட்டார், அதுவரை குடும்பங்கள் பட்டது பட்டதுதான். ஆயுதக் குழு என்ற சொல்லோடு நம் பணம் ஒரே வரியில் வரலாமா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் இன்னும் மோசம். தடைசெய்த அமைப்புக்குச் சட்டப்படி தகராறு தீர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதுகூடக் குற்றமாகலாம் என்று 2010-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் பெயர் அடிபட்டவை குர்திய பி.கே.கே.யும் புலிகளும். இந்தப் பத்திரம் குழுவின் சட்ட அந்தஸ்தை மாற்றாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, பணம் போவது சுவிஸ் நாட்டு அமைப்புக்கு, எந்தப் படைக்கும் இல்லை என்றெல்லாம் விளக்கினேன். கடைசியில், தெரிந்த வழக்கறிஞரிடமும் வங்கியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் என்று முடிவானது. அந்த ஜாக்கிரதையில் நானும் உடன்பட்டேன்.

"பயங்கரவாதிகிட்ட பேசுறதுக்கு நாம காசு கொடுக்கணுமா?" என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் தேடவில்லை, எங்கள் ஊரே பதில் சொன்னது. 1948 ஜூன் 16-ல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டார்கள். அவசரகாலம் பிறந்தது அதில். என் தாத்தா அவர்களைக் 'காட்டுக்காரங்க' என்றுதான் சொல்வார். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து வேலைக்காட்டுக்குப் போகும்போது சாப்பாட்டுச் சட்டியைத் திறந்து காட்ட வேண்டும், காட்டுக்காரர்களுக்குச் சோறு போகிறதா என்று பார்ப்பார்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி. அந்தக் காட்டுக்காரர்களோடு 1955 டிசம்பரில் பாலிங்கில், பின்னாளில் முதல் பிரதமரான துங்கு உட்கார்ந்து பேசினார். உடன்பாடு வரவில்லை. சரணடைய வேண்டுமா, அங்கீகாரமா என்ற இடத்திலேயே பேச்சு உடைந்தது. அப்புறம் 34 ஆண்டு. 1989 டிசம்பர் 2-ல் தாய்லாந்தின் ஹாட்யாயில் கையெழுத்தானது. ஆயுதங்களையும் காட்டில் வைத்த வெடிப்பொறிகளையும் அழிக்கும் பொறுப்பைக் கம்யூனிஸ்டுகள் அதில் ஏற்றார்கள். ஏன் அவர்கள்? புதைத்தவனுக்குத்தான் எந்த மரத்தடி என்று தெரியும். ராணுவம் வரைபடத்தைப் பார்த்துத் தேட முடியாது, வரைபடமே அவன் தலைக்குள் இருக்கிறது. அவன் உயிரோடு இருக்கும்போது, நம்மோடு பேசுகிற நிலையில் இருக்கும்போது பிடித்துக் கேட்காவிட்டால், அப்புறம் பல்வாரிதான், ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர்தான்.

இதைச் சொன்னதும் பொருளாளர் அண்ணன் தன் தே தாரிக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "என் மாமனார் அந்தப் பக்கம் எல்லையில போலீஸ்ல இருந்தார்பா. அவரும் இதையேதான் சொல்வார்" என்றார். எனக்கு ஓட்டு கூடினது என் புள்ளிவிவரத்தால் இல்லை, அவர் மாமனாரால்.

ஆனாலும் முழுப் பணமும் வரவில்லை. ஆசிரியை விடவில்லை. "வெடி வைக்காமப் போனதை யாருக்குப் படம் பிடிச்சு அனுப்புவாங்க? கால் போட்ட பிள்ளை நடக்கிறதை நான் பார்க்கணும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேச்சுக்குக் கொடுக்கிற பணத்தில் விளைவைக் கண்ணால் பார்க்க முடியாது. பத்து ஆண்டு ஏமாந்தாலும் தெரியாது. நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் ரசீதைத் திருப்பிப் பார்க்கிற ஊர் இது. தோட்டம் விற்பனைக்கு வந்த காலத்தில் மலேசிய அமைச்சராக இருந்த சம்பந்தனை நம்பிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் கட்டின ஊரும் இதுதான், அவர்களும் பங்குப் புத்தகத்தைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆசிரியை கேட்டதற்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். ஜெனீவாவிடம் ஒரு நிபந்தனை எழுதிக் கேட்போம். மியன்மாரில் எந்தக் குழுவிடம் பேசினீர்கள், யார் மறுத்தார்கள், புகார் வந்த இடத்துக்கு ஆள் போனதா என்று ஆண்டுக்கு ஒரு பக்கம். வெளியே சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டாம், சொல்ல முடிந்ததைச் சொல்லட்டும். பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டு பணம் முழுவதும் யாழ்ப்பாணத்துக்கு.

கை தூக்கினோம். நாலாயிரம் பேச்சுக்கு, இரண்டாயிரத்து இருநூறு காலுக்கு. தோண்டுவதற்கு யாரும் கை தூக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, தொகை சின்னது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெண்களை விட்டுவிட்டோம்.

பொருளாளர் அண்ணன் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக்கு நேரே 'கால்' என்று எழுதினார். ஜெனீவாவுக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதுக்கும் கால்னு எழுதினா கணக்காய்வாளர் குழம்பிடுவார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு 'பேச்சுச் செலவு' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, சுவிஸுக்கு அனுப்ப வங்கி எவ்வளவு பிடிக்கும், அதை யார் தலையில் எழுதுவது என்று கேட்டார்.